வாசலை அசிங்கப்படுத்தாத செடி

மலையை அழித்தவர்கள் உலகில் ஏராளம். அழித்த மலைக்கே ஒப்பனை செய்துவிட்ட மகான், ஆஸ்திரேலியாவின் மவுண்ட் கெலரனில் கிளைவ் ஹேட்ரிக் ஒருவர்தான். பனிச்சறுக்கு விடுதியின் 'பசுமை மீட்பு' இயக்குநர். கார் நிறுத்தத் தோதாக அவர் ஒரு பாறைச் சரிவைச் சமப்படுத்தியபோது, அதில் படர்ந்திருந்த மலைப் பிளம் பைன் புதர்களும் சமமாகிவிட்டன. நூற்றாண்டுப் பனியால் முடியாததை புல்டோசர் ஒரே காலையில் முடித்தது. நிர்வாகத் திறமை என்றால் அது!

அரசு போட்ட நிபந்தனை இது: பதிலுக்குப் புதிதாகப் புதர் வளர்த்துப் பழம் காட்டினால், பழைய புதர்கள் மிச்சமிருந்த ஒரே சரிவில், சறுக்க வருகிறவர்களை மேலே ஏற்றும் இழுவை நாற்காலிப் பாதை போட அனுமதி உண்டு. குட்டிப் போஸம் என்ற சுண்டெலி அளவுள்ள மலைப் பிராணிகள் அந்தப் பழத்தைத் தின்றுதான் குளிர்காலம் முழுக்கத் தூங்கும்.

கிளைவே குச்சி வெட்டினார், மணலில் ஊன்றினார், வேர் விட்டதும் அதிகாரபூர்வமாகக் கண்கலங்கினார். சில ஆண்டுகளில் மலையெங்கும் சீருடை போட்ட பிள்ளைகள்போல ஒரே அச்சில் புதர்கள். பார்க்கப் பார்க்க அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

இலையுதிர்காலத்தில் வனத்துறை அதிகாரி ரோசலிண்ட் கியோ பார்வையிட வந்தார்.

"பழம் எங்க, கிளைவ்?"

"வரும் மேடம். கொஞ்சம் கூச்ச சுபாவம்."

ரோசலிண்ட் குனிந்து கிளைகளைப் புரட்டினார். "இது ஆண். இதுவும் ஆண். எந்தச் செடியில வெட்டினீங்க?"

"ஆபீஸ் வாசல்ல நிக்கிற செடிதான். தங்கமான செடி! ஒரு நாள்கூட பழம் கொட்டி வாசலை அசிங்கப்படுத்தினதில்ல."

"ஆம்பளச் செடி எங்கய்யா பழம் கொட்டும்? ஒரே ஆம்பளய மலை பூரா நட்டு வச்சிருக்கீங்க!"

"அப்ப பொம்பளச் செடி?"

"நீங்க கார் நிறுத்தியிருக்கீங்களே, அங்க இருந்துச்சு. இப்ப அந்த மிச்சச் சரிவுல மட்டும்தான் இருக்கு."

"பிரச்சினையே இல்ல மேடம்! அதுல குச்சி வெட்டிக்கிட்டு அப்புறம் பாறைய உடைக்கிறோம்."

"குச்சி வேர் பிடிச்சுக் காய்க்க வருஷக்கணக்காகும். அதுவரைக்கும் போஸம் எதைத் தின்னும்?"

"அதுக்கு ஒரு துணைக்கமிட்டி போடுறோம்."

ரோசலிண்ட் அனுமதி கூடாது என்றார். மேலிடமோ 'நல்ல நோக்கத்தை' மெச்சி அனுமதி கொடுத்தது. குச்சி வெட்டத் துணைக்கமிட்டி தேதி குறிப்பதற்குள் புல்டோசர் முந்திக்கொண்டது. அந்த விடுதியில் சொன்ன வேலையைச் செய்கிற ஜீவன் அது ஒன்றுதான்.

திறப்பு விழாவில் நாற்காலிப் பாதைக்குக் கிளைவ் தழுதழுத்த குரலில் 'குட்டிப் போஸம்' என்று பெயர் சூட்டினார். கைத்தட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. அந்த மலையில் இன்று போஸம் என்று சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான் இருக்கிறது.