பூஸ்ட்டைக் குறைக்கவும்

காலை மணி ஐந்து ஐம்பத்திரண்டு. பாளையங்கோட்டையில் ஒரு நர்ஸ் விடுதியின் வாசல். முதலில் கண்ணில் பட்டது அவள் அல்ல, அவளுடைய பெட்டி. காவி நிறம், இரண்டு பூட்டு, குறுக்கே நீல நைலான் கயிறு. மூடியில் வெள்ளைப் பெயிண்டில் ‘பிலோமினா, மஸ்கட்’ என்று எழுதியிருந்தது. எழுதியவர் இடத்தைக் கணக்குப் பார்க்கவில்லை. கடைசி ‘ட்’ பெட்டியின் விளிம்பில் மடங்கிப் பக்கவாட்டில் இறங்கியிருந்தது.

பத்திரிகையில் சேர்ந்த முதல் வாரம் எனக்குச் சொல்லிக்கொடுத்தது இது: போன இடத்தில் முதலில் கண்ணில் படுவதைக் குறித்துக்கொள். யார், என்ன, எங்கே, எப்போது, ஏன் என்று ஐந்து கேள்வி கேள். அன்று ‘ட்’ வரைக்கும் குறித்துக்கொண்டேன். கேள்விகளில்தான் ஒன்று விட்டுப்போயிற்று.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபத்தாறு வயது. திருநெல்வேலி டவுணில் பெரியம்மா வீட்டில் தங்கி, ஒரு நாளிதழுக்கு மாவட்டச் செய்திகள் எழுதிக்கொண்டிருந்தேன். (பெரும்பாலும் அணையில் எத்தனை அடி தண்ணீர் என்பதும், யார் யாரை எங்கே வெட்டினார்கள் என்பதும்.) பிலோமினா என் கல்லூரி நண்பன் லாரன்ஸின் தங்கை. கடலோர மணப்பாட்டுக்காரர்கள். லாரன்ஸ் கொச்சியில் கப்பல் இன்ஜின்களைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய சிநேகிதர்கள் அத்தனை பேரையும் பிலோ ‘அண்ணே’ என்றுதான் கூப்பிடுவாள். என்னை மட்டும் ‘நிருபரே’ என்பாள். அந்த ஒரு சொல்லில் நான் இரண்டு வருடம் குடியிருந்தேன்.

இப்போது அவள் மஸ்கட்டில் ஒரு ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போகிறாள். திருவனந்தபுரத்தில் விமானம். கொண்டுபோய் விடும் பொறுப்பு எனக்கு. அவளிடம் சொல்ல ஒரு வாக்கியம் தயாரித்திருந்தேன். முதலில் நாற்பது சொற்கள் இருந்தன. உதவி ஆசிரியர் செய்தியை வெட்டுகிற மாதிரி தினமும் வெட்டி, கடைசியில் மூன்று சொல்லில் கொண்டுவந்து நிறுத்தினேன்: ‘நான் காத்திருக்கிறேன், பிலோ.’ வண்டியில் சொல்வதாக இல்லை. பின்சீட்டில் பெரியம்மா இருப்பாள். (கல்யாணமாகாத பிள்ளைகள் இரண்டு பேர் தனியாகக் கேரளா வரை போவதாவது.) சீக்கிரமாகப் போய்ச் சேர்ந்தால், விமான நிலைய வாசலில் டீ வாங்கிக் கொடுத்து, பெரியம்மா கால் கழுவப் போகிற நேரத்தில் சொல்லிவிடலாம். திட்டம் அதுதான். எல்லாம் சீக்கிரத்தில் இருந்தது.

காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கார் லாரன்ஸுடையது. கடற்கரையில் நிறுத்தினால் உப்புக்காற்று தகரத்தைத் தின்றுவிடும் என்று டவுணில் என்னிடம் விட்டுவைத்திருந்தான். பார்வைக்கு, அந்தக் காலத்து டாக்டர்கள் வைத்திருந்த சின்ன வெள்ளைக் கார். உள்ளே மட்டும் பிசாசு. யாரோ உடைத்துப்போட்ட ஜப்பான் கார் ஒன்றிலிருந்து டர்போ ஒன்றைக் கழற்றிக் கொண்டுவந்து இதில் மாட்டியிருந்தான். இன்ஜின் வெளியே விடும் புகையே ஒரு சக்கரத்தைச் சுற்றும், அந்தச் சக்கரம் காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளும், அந்த அழுத்தத்துக்குப் பெயர் பூஸ்ட். பைய ஓட்டினால் டர்போ இருப்பதே தெரியாது. மிதித்தால் விசில் அடிக்கும், வண்டி பாயும்.

பூஸ்ட்டைக் காட்டுவதற்கு ஸ்டீயரிங் பக்கத்தில் ஒரு மானி வைத்திருந்தான். அதன் கண்ணாடியில் ஆறாம் எண்ணுக்கு நேரே ஒரு சிவப்புப் புள்ளி. பிலோவின் நகப்பாலிஷால் வைத்தது. காரை ஒப்படைத்த நாளில் லாரன்ஸ் அந்தப் புள்ளியைப் பற்றியும், பானட்டுக்குள் இருந்த ஒரு பித்தளைத் திருகைப் பற்றியும் எனக்கு விரிவாக விளக்கினான். அப்போது பானட்டுக்கு அந்தப் பக்கம் பிலோ நின்றுகொண்டிருந்தாள். ஆகவே விளக்கத்தில் எனக்கு ஒன்றும் நினைவில்லை. புள்ளியைக் காருக்கு வைத்த பொட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

போன விடுமுறைக்கு வந்தபோது லாரன்ஸ் ஆசைக்குத் திருகைத் திருகி, பூஸ்ட்டை ஆறிலிருந்து பன்னிரண்டுக்கு ஏற்றி ஒரு நாள் ஓட்டிப் பார்த்திருக்கிறான். திரும்ப இறக்க மறந்துவிட்டான். நம்மூர் பங்கில் ஊற்றுகிற பெட்ரோலுக்குப் பன்னிரண்டு தாங்காது. பயணத்துக்கு நாலு நாள் முன்பு அது அவனுக்கு ஞாபகம் வந்து, கொச்சியிலிருந்து போன் போட்டிருக்கிறான். எங்கள் வீட்டில் போன் கிடையாது, பக்கத்து ஜவுளிக்கடை அண்ணாச்சி வீட்டில்தான். நான் வேலையில் இருந்தேன். போய்ப் பேசியது பெரியம்மா. முப்பது வருடம் கணக்கு டீச்சர், சொன்னதைச் சொன்னபடி செய்கிறவள்.

இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், தினமும் காலையில் பெரியம்மா கலந்து தரும் பூஸ்ட்டின் நிறம் திடீரென்று வெளுத்துவிட்டது என்பதுதான்.

“பெரியம்மா, பூஸ்ட் தீந்துபோச்சா?”

“பேசாமக் குடி. சூடு.”

எந்தச் சூடு என்று கேட்கவில்லை. சனிக்கிழமை என்னைப் பிடித்து உட்காரவைத்து உச்சியில் நல்லெண்ணெய் தேய்த்துவிட்டாள். அதற்கும் ஏன் என்று கேட்கவில்லை. (நிருபர்!)

திங்கட்கிழமை பெட்டியை டிக்கியில் ஏற்றினோம். பிலோ முன்சீட்டில் உட்கார்ந்தாள். இளம்பச்சைச் சுடிதார், மடியில் கைப்பை, கைப்பைக்குள் டிக்கெட். பாளையங்கோட்டையைத் தாண்டினதும் பெரியம்மா தூங்கிவிட்டாள். நான் மிதித்தேன். விசில் கிளம்பியது. முள் புள்ளியைத் தாண்டிப் பத்துக்குப் போனது. எனக்குப் பெருமையாக இருந்தது.

“நிருபரே, பைய போலாமே” என்றாள் பிலோ.

“பயப்படாதீங்க. நல்லாத்தான் ஓட்டுவேன்.”

“பயமா? எனக்கா?” என்று சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நாங்குநேரி வந்தது. பெரிய குளத்தில் தண்ணீர் கரை தொட்டுக் கிடந்தது. “கொஞ்சம் நிப்பாட்டுங்களேன், பாத்துட்டுப் போலாம்” என்றாள். ஊரை விட்டுப் போகிறவள் கேட்கிறாள். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். “வரும்போது பாத்துக்கலாம்” என்றேன். அவள் எப்போது வரும்போது என்பதை இருவருமே யோசித்திருக்க வேண்டும்.

வள்ளியூரைத் தாண்டியதும் முள் பன்னிரண்டில் நின்றது. தகர டப்பாவில் புளியங்கொட்டையைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது.

“அது என்ன சத்தம்?”

“ரோட்டுல ஜல்லி” என்றேன். ரோட்டில் ஜல்லி இல்லை.

“பைய போங்க. சொன்னாக் கேளுங்க. இப்ப என்ன அவசரம் உங்களுக்கு?”

என் அவசரம் என்ன என்று அவளிடம் சொல்லத்தானே நான் இவ்வளவு அவசரமாகப் போய்க்கொண்டிருந்தேன். இன்னும் மிதித்தேன். டர்போ ஆனந்தமாக விசில் அடித்தது. அப்புறம் பானட்டுக்குள் ‘டப்’ என்று ஒரு சத்தம். விசில் நின்றது. பின்னால் வெள்ளைப் புகை ரோட்டை அடைத்தது. அதோடும் நான் நிறுத்தவில்லை. பணகுடி வந்துவிடும் என்று இரண்டு கிலோமீட்டர் உருட்டினேன். பணகுடி வரவில்லை. கார் ஒரு பனைமரத்துக்கு நேராகத் தானே நின்றுகொண்டது. மணி ஏழு பத்து. தூரத்தில் புதிதாக நட்டிருந்த காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. அங்கே காற்றுக்குக் குறைவில்லை.

பானட்டைத் திறந்தேன். ஆவி அடங்கியதும் இன்ஜின் ஆயில் மூடியைத் துணி சுற்றிக் கழற்றினேன். மூடியின் அடியில் கறுப்பாக இருக்க வேண்டிய ஆயில், தண்ணீர் கலந்து நுரை பொங்கி இளம் பழுப்பாக இருந்தது. அந்த நிறத்தை எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்று யோசித்தேன். காலையில் டம்ளரில்.

பெரியம்மா விழித்து இறங்கி வந்தாள்.

“ஏலே, என்ன ஆச்சு?”

“பூஸ்ட் ஏறி, இன்ஜின் ஹெட்டு போயிட்டு பெரியம்மா. பன்னெண்டுக்கு ஏத்தி வச்சிருக்கான் லாரன்ஸ். ஒரு வார்த்தை சொல்லலியே பாவி.”

“அவன ஏம்ல ஏசுத? அவன் போன்ல சொன்னான்லா.”

“என்ன சொன்னான்?”

“பூஸ்ட்டைப் பாதியாக் குறைக்கச் சொல்லுங்க, இல்லன்னா சூடேறி ஹெட்டு போயிரும்னான். நானும் அன்னையில இருந்து ரெண்டு கரண்டிய ஒரு கரண்டியாக்கிட்டேன். தலைக்கு எண்ணெயும் தேச்சுவிட்டேன். உனக்கு ஒண்ணும் ஆகலியே! காருக்குல்லா ஆயிருக்கு!”

பிலோ சிரிக்க ஆரம்பித்தாள். நான் டிக்கியிலிருந்து இறக்கி வைத்திருந்த பெட்டியின் மேலேயே உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, “ஒரு கரண்டி! ஒரு கரண்டி!” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். துப்பட்டா நுனியால் கண்ணைத் துடைத்தாள். சிரிப்பு நின்ற பிறகும் துடைத்தாள்.

வலப்பக்கம் இரண்டு சுற்று. அந்தப் பித்தளைத் திருகை அவ்வளவு திருகியிருந்தால் போதும். திருகாமலே பைய ஓட்டியிருந்தாலும் போதும்.

பெரியம்மா பனைமர நிழலுக்குப் போய் ஃபிளாஸ்க்கைத் திறந்தாள். பெட்டியின் மேல் பிலோ, எதிரே நான், நடுவில் யாரும் இல்லை. ரோட்டில் வண்டி இல்லை. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்து, “சொல்லுங்க நிருபரே” என்றாள்.

அந்த நேரம் பார்த்து நாகர்கோவில் பஸ் வந்தது.

நான் ரோட்டின் நடுவில் ஓடிப்போய் இரண்டு கையையும் விரித்தேன். முதலமைச்சர் வந்திருந்தால்கூட அப்படி மறித்திருக்க மாட்டேன். பஸ் நின்றது.

“பொறுங்க. அடுத்த பஸ்ல போறேன். நேரமிருக்கு” என்றாள் பிலோ.

“ஃப்ளைட் நமக்காக நிக்காது!”

“நிக்கும்” என்றாள்.

நான் அதைக் காதில் வாங்கவில்லை. பெட்டியைத் தூக்கிவிட்டேன். கண்டக்டர், “என்ன சார், வீட்டயே காலி பண்ணிக் கொண்டாந்துட்டியளா?” என்றார். “அவசரம் அண்ணாச்சி, பிளேன் போயிரும்” என்று கெஞ்சினேன். பெரியம்மா, “ஒத்தப் பிள்ளைய விடக் கூடாது, நான் கூடப் போறேன். நீ காரப் பாரு” என்று ஏறிக்கொண்டாள். பிலோ கடைசியாக ஏறினாள். படியில் ஒரு காலை வைத்துத் திரும்பி, நான் ஏதாவது சொல்வேன் என்று நின்றாள். கண்டக்டர் விசிலை வாயில் வைத்தார். நானும் வாயைத் திறந்தேன்.

“லாரன்ஸைக் கேட்டதாச் சொல்லுங்க.”

அதுவும் மூன்று சொல்தான்.

பஸ் போன பிறகு டிராக்டரில் கயிறு கட்டிக் காரைப் பணகுடிக்கு இழுத்துக்கொண்டு போனேன். மெக்கானிக் ஹெட்டைக் கழற்றி வைத்துவிட்டு, “இதுக்கு யாரு சார் இவ்வளவு பூஸ்ட் குடுத்தது?” என்று கேட்டார். எங்கள் வீட்டில் யாருக்குமே அதிகமாகக் கொடுப்பதில்லை என்று சொன்னேன்.

ஆறு வாரம் கழித்து மஸ்கட்டிலிருந்து ஒரு கடிதம் வந்தது. வெயில், விடுதி, சாப்பாடு. கடைசி வரியில், ‘கார் சரியாகிவிட்டதா? வேறு செய்தி உண்டா?’ நான் நாலு பக்கம் பதில் எழுதினேன். கேஸ்கட் எப்படிக் கிழிந்தது, ஹெட்டில் எங்கே விரிசல், எத்தனை நாளில் சரியாயிற்று என்று ஒன்று விடாமல். வேறு செய்தி இல்லை என்றும் எழுதியிருந்தேன். மூன்று வருடம் கழித்து மணப்பாட்டுக் கோயிலில் அவளுக்குக் கல்யாணம். எனக்கு வந்த கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்கு முன்னால் அவள் கையெழுத்தில் ‘நிருபர்’ என்று இருந்தது.

எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் யாராவது கோபத்தில் குரலை உயர்த்தினால், “பூஸ்ட்டைக் குறை” என்பார்கள். என் மகளுக்கு அதன் பொருள் தெரிவதற்கு முன்பே சொல்லத் தெரியும். கல்யாண வீடுகளில் சாப்பாடு முடிந்து வெற்றிலை மடிக்கும்போது பெரியம்மா இந்தக் கதையை எடுப்பாள். ஒரு கரண்டி என்று விரலைக் காட்டும் இடத்தில் எல்லாரும் சிரிப்பார்கள். கதை அங்கேயே முடிந்துவிடும்.

கார் நின்றதற்கு மறுநாள் மத்தியானம் திருவனந்தபுரத்திலிருந்து திரும்பி வந்து, செருப்பைக் கழற்றிக்கொண்டே என்னிடம் சொன்னதை அவள் கதையில் சேர்ப்பதில்லை. பிலோவும் அவளும் பகல் பன்னிரண்டு மணிக்கெல்லாம் விமான நிலையத்துக்குப் போய்விட்டார்கள். விமானம் இரவு ஒன்பதே முக்காலுக்கு.