மாடியில் ஒரு கழிப்பறை

இனிமேல் இந்த வீட்டுக்குள் ஒரு வாத்தியம்கூட நுழையக் கூடாது என்று வரைபடக்காரர் முடிவு கட்டியபோது, அவர் உட்கார்ந்திருந்தது ஒரு டிரம்மின் மேல். நாற்காலிகளில் எல்லாம் வயலின் பெட்டிகள் உட்கார்ந்திருந்தன.

பார்வை இல்லாதவர்கள் விரலால் தடவிப் படிக்கிற வரைபடங்கள் செய்வது அவர் தொழில். சுவர் ஒரு மேடு, படிக்கட்டு ஒரு வரிசை மேடு. குடும்பம் என்றால் மேடு பள்ளம் இருக்கும் என்பார்கள். அவர் குடும்பமே மேடு பள்ளத்தில்தான் ஓடியது.

அவர் மனைவி வயலின் டீச்சர். பிறவியிலேயே பார்வை கிடையாது. அவள் தடவி, "சரி" என்று சொல்லாமல் எந்தப் படமும் வெளியே போகாது. ஊரை மட்டுமல்ல, அவரையும் விரல் நுனியில் வைத்திருந்தாள்.

புதிதாகத் திறந்த வணிக வளாகத்துக்குப் படம் கேட்டிருந்தார்கள். மாடியில், நட்டநடுவே, ஒரு வாத்தியக் கடை! மனைவிக்குத் தெரிந்தால் இன்னொரு வாத்தியம் வீட்டுக்கு வந்துவிடும். வளாகத்துக்குப் போகிற படத்தைச் சரியாகவே செய்தார். மனைவிக்கு மட்டும் தனியாக ஒரு நகல். அதில் அந்தக் கடைமேல் புள்ளி எழுத்தில் 'ஆண்கள் கழிப்பறை' என்று பொறித்தார். ஆனால் கடையின் கண்ணாடி ஜன்னலை அழிக்கக் கை வரவில்லை. தொழில் பக்தி!

மனைவியின் விரல் அங்கே வந்து நின்றது.

"என்னங்க, கழிப்பறை இவ்ளோ பெருசா?"

"பெரிய கட்டடம்மா. பெரிய அவசரம்."

"கண்ணாடி ஜன்னல் வேற இருக்கு?"

"காத்தோட்டம்!"

"ம்ம். நாளைக்கு நேர்ல போய்ப் பாத்துட்டு 'சரி' சொல்றேன்."

மறுநாள் அவள் கைத்தடியைத் தட்டிக்கொண்டு நேராக அந்த வாசலில் போய் நின்றாள். உள்ளேயிருந்து கனத்த குரலில் ஒரு இசை.

"யாரோ செல்லோ வாசிக்கிறாங்களே?"

"வரிசையில நிக்கிறவங்களுக்குப் பொழுது போகணும்ல?" என்றார்.

"ஆம்பளைங்க இடம், நான் வர முடியாது. நீங்க போய் எல்லாம் சரியா இருக்கான்னு பாத்துட்டு வாங்க."

தப்பித்தோம் என்று துள்ளிக்கொண்டு உள்ளே போனார். கடைக்காரர் எழுந்து கும்பிட்டார்.

"வாங்க சார்! அம்மா நேத்தே வளாக ஆபீஸ்ல நம்பர் வாங்கிப் பேசிட்டாங்க. கழிப்பறை தேடிக்கிட்டு ஒருத்தர் வருவார், அவர்கிட்ட குடுத்துடுங்கன்னாங்க."

கொடுத்தது ஆளுயரப் பெட்டி. உள்ளே செல்லோ, வயலினுக்குப் பெரியண்ணன். கல்யாணமான புதிதில் அவளைத் தூக்கியதற்குப் பிறகு அவர் இவ்வளவு கனமாக எதையும் தூக்கியதில்லை. கோபம் வர வேண்டிய இடத்தில், பாழாய்ப்போன சிரிப்பு வந்தது. இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க வெளியே வந்தார்.

வாசலில் நின்றவள், போகிறவர் வருகிறவர் காதிலெல்லாம் விழும்படி அக்கறையாகக் கேட்டாள்:

"என்னங்க இவ்ளோ நேரம்? வயிறு சரியில்லையா?"