தூக்கம் வரவழைக்கும் ராகம்

"தூக்கம் வருதா?" குமாஸ்தா பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"வந்துட்டிருந்துச்சு மாமா. நீங்க ஆரம்பிச்சதும் போயிடுச்சு," என்றான் கட்டிலில் மல்லாந்து கிடந்த மச்சினன்.

குமாஸ்தா பன்னிரண்டாவது கட்டத்திலும் 'இல்லை' என்று எழுதினார். இசையில் எம்.ஏ. பட்டத்துக்கு அவர் எடுத்த ஆய்வுத் தலைப்பு 'தூக்கம் வரவழைக்கும் ராகம்'. ராகம் அவரே கண்டுபிடித்தது. அதைக் கேட்டு ஒரு ஆளாவது தூங்கியாக வேண்டும். பன்னிரண்டு பேரைப் படுக்க வைத்துப் பாடியாயிற்று, ஒருத்தரும் கண்ணை மூடவில்லை.

ஏற்கெனவே இரண்டு தடவை தோற்றிருந்தார். மூன்றாவது தடவையும் போனால் பல்கலைக்கழகம் பெயரை அடித்துவிடும். வீட்டம்மா அதற்கும் ஒரு படி மேலே. "இந்தத் தடவையும் கோட்டை விட்டீங்கன்னா சுருதிப்பெட்டி பரணுக்குப் போயிடும். அப்புறம் அதை இறக்கக் கூடாது," என்று சொல்லிவிட்டாள். மனுஷனோ பெயருக்குப் பின்னால் எம்.ஏ. போட்டு வாசல் பலகையே எழுதி வாங்கி, பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார். தினமும் அதை ஒருமுறை எட்டிப் பார்க்காமல் ஆபீஸ் போக மாட்டார்.

முழித்திருக்கிறவனைத் தூங்க வைப்பதுதான் கஷ்டம், பாதித் தூக்கத்தில் இருக்கிற ஆளாகப் பிடிக்கலாம் என்று முடிவு செய்தார்.

மாமியார் அதற்கென்றே பிறந்தவர். டிவி அலறும்போதே சோபாவில் கண் சொருகிவிடுவார். குமாஸ்தா டிவியை அணைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து மெல்ல ராகத்தை இழுத்தார். மாமியார் பதறி எழுந்தார்.

"யாரு போயிட்டாங்க மாப்பிள்ளை?"

"யாரும் போகலை அத்தை. ஆராய்ச்சி."

அவர் நம்பவில்லை. சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் போன் போட்டு, இருக்கிறார்களா இல்லையா என்று விசாரித்தார். சாயங்காலத்துக்குள் நாலு பேர் துக்கம் கேட்க வந்துவிட்டார்கள். வீட்டம்மா அவர்களுக்குக் காபி போட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டு, பரணில் ஒட்டடை அடிக்க ஆரம்பித்தாள்.

சளைத்தாரா மனுஷன்? மறுநாள் ஆபீஸிலேயே கை வைத்தார். குடிநீர் இணைப்புப் பிரிவில் மதியம் இரண்டரைக்கு மேல் ஒரு தலை நிமிர்ந்து இருக்காது. எல்லாரும் ஃபைல் மேல் கவிழ்ந்துவிடுவார்கள். பாடிக்கொண்டே யார் எத்தனை நிமிஷம் தூங்கினார்கள் என்று குறித்துக்கொண்டால் வேலை முடிந்தது. குமாஸ்தா எழுந்து நின்று பாடினார்.

ஐந்தாவது நிமிஷம் பிரிவு மொத்தமும் முழித்துக்கொண்டது. முழித்த பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லாததால் வேலை பார்த்தது. மூன்று வருஷமாகக் கிடந்த ஃபைல்கள் நகர்ந்தன. மேலதிகாரி கூப்பிட்டனுப்பினார்.

"இனிமே தினமும் ரெண்டரைக்குப் பாடிடுங்க. ஆர்டர் போட்டுடறேன்."

அன்றிலிருந்து சக ஊழியர்கள் அவரோடு பேசுவதை விட்டுவிட்டார்கள்.

தேர்வு நாளன்று குமாஸ்தா தன் ஆய்வுக்கு வழிகாட்டும் பேராசிரியையிடம் உள்ளதைச் சொல்லிவிட்டார். "மேடம், ஒருத்தர்கூடத் தூங்கலை."

"அப்ப உள்ள இருக்கிற தேர்வாளரைத் தூங்க வைங்க. அதைவிட அத்தாட்சி என்ன வேணும்?" என்றார் பேராசிரியை. கேலியா நிஜமா என்று முகத்தில் தெரியவில்லை.

உள்ளே தேர்வாளர், கண் ஆபரேஷனுக்குப் போட்ட கறுப்புக் கண்ணாடியோடு, கைவைத்த நாற்காலியில் ஆடாமல் அசையாமல் இருந்தார். வணக்கத்துக்குப் பதில் இல்லை. கறாரான ஆள் போலிருக்கிறது என்று குமாஸ்தா நினைத்துக்கொண்டார். மார்க் ஷீட் கட்டோடு ஓரமாக பியூன் நின்றிருந்தார், பக்கத்தில் போய் பேராசிரியையும் நின்றுகொண்டார். குமாஸ்தா கண்ணை இறுக மூடிக்கொண்டு, பீரோவுக்குப் பின்னால் இருக்கும் பலகையை நினைத்து, இருபது நிமிஷம் உயிரைக் கொடுத்துப் பாடினார். முடித்த பிறகும் பயத்தில் கொஞ்ச நேரம் கண்ணைத் திறக்கவில்லை.

திறந்தபோது தேர்வாளரின் தலை தோளில் சாய்ந்திருந்தது. குறட்டை வந்துகொண்டிருந்தது.

பேராசிரியை உதட்டில் விரல் வைத்தபடி மார்க் ஷீட்டைத் தூக்கிக் காட்டினார். முதல் வகுப்பு. கீழே தேர்வாளரின் கையெழுத்து, மை காயாமல்.

குமாஸ்தாவுக்கு அழுகையே வந்துவிட்டது. வராந்தாவுக்கு ஓடி வீட்டுக்குப் போன் போட்டார்.

"தூங்கிட்டாரு. குறட்டையே விட்டாரு. பீரோவுக்குப் பின்னாடி ஒரு பலகை இருக்கு, அதை எடுத்து வெளியில வை."

"அது தெரியாமலா? வாரா வாரம் தூசி தட்டுறது யாரு?" என்றாள் வீட்டம்மா.

போனை வைத்துத் திரும்பினால் பியூன் நின்றுகொண்டிருந்தார்.

"சார், நாளைக்கும் ஒரு நடை வந்து பாடிட்டுப் போறீங்களா?"

"ஏன், இன்னும் கேக்கணும்கிறாரா?"

"காலையில பத்து மணிக்குத் தூங்கினவரு சார். நீங்க பாடினப்பதான் முழிச்சு, உங்களோட சேர்த்து ஒம்பது பேருக்கும் கையெழுத்து போட்டாரு. நீங்க நிறுத்தினதும் மறுபடி படுத்துட்டாரு. நாளைக்கு இன்னும் பதினாலு பேர் இருக்காங்க."