குதிரைப் போர்வை மணம்

இரண்டாவது மிடறை அருமைராசா மூக்கைப் பொத்திக்கொண்டு விழுங்கினான். புளிக்கிற தேசிக்காயையும் ஈரச் சாக்கையும் சேர்த்துப் பிழிந்த மாதிரி இருந்தது. போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான். இன்னும் கழுத்துவரை நிறைந்து நின்றது.

நாளைக்குச் சனிக்கிழமை. எப்படி இருந்தது என்று ஜென்சி கட்டாயம் கேட்பாள். வெறுமனே "நல்லாயிருந்தது" என்றால் விடமாட்டாள்.

ஜென்சி அவன் மனைவி. பிரசல்ஸில் ஓர் உடுப்புத் தோய்க்கும் கடையில் வேலை. இவன் மொன்றியல் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு பண்டகசாலையில் பெட்டி இறக்குகிறவன். சண்டையால் இருவருமே ஊருக்குப் போக முடியாத காலம் என்பதால் கல்யாணம் வேளாங்கண்ணியில் நடந்தது. அதற்குப் பிறகு ஒரு விடுதி அறையில் சில கிழமைகள். அதில் பாதி, வந்த சொந்தக்காரருக்குத் தேத்தண்ணி கொடுப்பதில் போயிற்று. மீதியில் ஜென்சிக்கு வெட்கம். இவனுக்கு அதைவிட வெட்கம். வெட்கம் தெளிகிற நேரம் பார்த்து விமானத்துக்கு நாள் வந்துவிட்டது. அவள் ஒரு பக்கம் பறந்தாள், இவன் ஒரு பக்கம் பறந்தான். அவளைத் தன்னிடம் கூப்பிடும் ஸ்பொன்சர் அலுவல் நடந்துகொண்டிருக்கிறது, நடந்துகொண்டிருக்கிறது என்றே பதில் வந்துகொண்டிருந்தது.

சனிக்கிழமைகளில் ரெலிபோன் காட் அட்டையின் இலக்கத்தைச் சுரண்டி அவளுக்குக் கோல் எடுப்பான்.

"சாப்பிட்டீரோ?"

"ஓம். நீங்கள்?"

"ஓம். அங்கை குளிரோ?"

"குளிர்தான். அங்கை?"

"இங்கை இன்னும் கூட."

அதோடு கையிருப்பு தீர்ந்துவிடும். பிறகு அத்திலாந்திக் சமுத்திரத்தின் இரண்டு கரையிலும் இரண்டு பேர் மூச்சு விட்டுக்கொண்டு நிற்பார்கள். அவள் மூச்சைக் கேட்பதும் இவனுக்கு ஒரு சந்தோஷந்தான். ஆனால் "அப்ப வைக்கட்டே?" என்று அவள் கேட்கும்போது நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று கழன்று விழும். அடுத்த சனிக்கிழமைவரை அதைப் பொறுக்கி எடுத்துப் பூட்டிக்கொண்டு திரிவான்.

மொன்றியலுக்குப் பக்கத்து லவாலுக்கு மெட்ரோ ரயில் வந்த வருஷம் அது. மாரி தொடங்கியிருந்த ஒரு சனிக்கிழமை, மூச்சுகளுக்கு நடுவில் ஜென்சி திடீரென்று சொன்னாள்:

"எங்கட கடைக்குப் பக்கத்தில ஒரு பியர்க்கடை இருக்கு. புளிச்ச பியர் ஒண்டு விக்கினம். லாம்பிக் எண்டு பேர்."

"ஓ," என்றான். அடுத்தது 'வைக்கட்டே' என்று தெரிந்தது. அந்தப் பயத்தில் வாய் தன்பாட்டில் சொல்லிற்று: "எனக்கு அது வலு விருப்பம்."

"உண்மையாவோ?" அவள் குரல் நிமிர்ந்துவிட்டது. "எனக்கும்தான். வேலை முடிய ஒரு சின்னக் கிளாஸ். நீங்கள் என்ன நினைப்பியளோ எண்டு இவ்வளவு நாளும் சொல்லேல்லை. அதுக்கு ஈஸ்ட் போடுறேல்லை, தெரியுமே? காய்ச்சினதைப் பெரிய தட்டத்தில ஊத்தித் திறந்து விட்டிடுவினம். காத்தில இருக்கிறது வந்து விழ, அது தானாப் புளிக்குமாம்."

"அப்ப எங்கட கள்ளு."

அவள் சிரித்தாள். வேளாங்கண்ணிக்குப் பிறகு அந்தச் சிரிப்பை அவன் கேட்டதில்லை. காட் முடியப்போகிறது என்று பதிவுக்குரல் குறுக்கே வந்து சொல்லும்வரை கதைத்தார்கள்.

போனை வைத்த பிறகுதான், தான் லாம்பிக்கைக் கண்ணாலும் கண்டதில்லை என்பது அருமைராசாவுக்கு உறைத்தது.

பண்டகசாலையில் கூட வேலை செய்யும் பற்றிக்கைப் பிடித்தான். பற்றிக் கியூபெக்காரன். பியரைப் பற்றிக் கேட்டால் போர்க்லிஃப்டை அந்தரத்தில் பெட்டியோடு நிறுத்திவிட்டு இறங்கி வந்து பதில் சொல்லுவான். தனக்குத் தெரிந்த பிரெஞ்சை எல்லாம் திரட்டி அருமைராசா விஷயத்தைச் சொன்னான்.

"புதுசாத் தொடங்கிற ஆள் எடுத்த உடனை கூஸைத் தொடக்கூடாது," என்றான் பற்றிக், ஞானஸ்நானம் கொடுக்கிற முகத்தோடு. "முதல்ல கிரீக். செறிப்பழம் போட்டது, பழகினவன் மாதிரி உள்ளுக்கை வரும். பேந்து கூஸ். லாம்பிக்கில இளசையும் கிழடையும் கலந்து போத்தலில அடைச்சது. கடைசியாத்தான் தனி லாம்பிக். நுரையே இராது. ஆறுதலாக் குடி. நாக்கு முதலில சண்டை பிடிக்கும், பிறகு சமாதானமாகும்."

அருமைராசாவின் நாக்கு சமாதானத்துக்கு வரவில்லை. கிரீக், காய்ச்சலுக்குக் குடிக்கும் இருமல் மருந்து கெட்டுப்போனது போல இருந்தது. ஆனாலும் பற்றிக் சொன்னதையெல்லாம் பாடமாக்கி, சனிக்கிழமைகளில் ஜென்சியிடம் ஒப்புவித்தான். அவளும் தன் பங்குக்குப் புதிது புதிதாய் வைத்திருந்தாள். பியரிலிருந்து கதை பீப்பாவுக்குப் போகும். பீப்பா கிடக்கும் அறையில் சிலந்தி வலையைத் தட்டுவதில்லை, ஈயைப் பிடிக்கட்டும் என்று விட்டுவிடுவார்கள் என்பாள். தனக்குச் சிலந்தி என்றால் பயம் என்பாள். தனக்குப் பல்லி என்பான் இவன். கல்யாணம் கட்டி இவ்வளவு காலத்துக்குப் பிறகு, பெண்சாதிக்கு எதற்குப் பயம் என்று ஒரு பியரின் தயவில் தெரிந்துகொண்டான்.

"சிலது பீப்பாவில மூண்டு வருசமும் கிடக்குமாம்," என்றாள் ஒருநாள்.

"அவ்வளவு காலமும் என்ன செய்யும்?"

"ஒண்டும் செய்யாதாம். சும்மா இருக்குமாம். இருந்தாத்தான் நல்லா வருமாம்."

காட் முடியும்வரை அன்றைக்கு ஒருவரும் 'வைக்கட்டே' என்று கேட்கவில்லை.

அப்படித்தான் அந்த வெள்ளிக்கிழமை இரவு, மூக்கைப் பொத்திக்கொண்டு கூஸோடு மல்லுக்கு நிற்க வேண்டிவந்தது. சனிக்கிழமை ஜென்சி நேரே விஷயத்துக்கு வந்தாள்.

"கூஸ் குடிச்சியளோ? நல்ல கூஸ் எண்டால் குதிரைப் போர்வை மணம் வருமாமே, வந்ததோ?"

அருமைராசா போனை மற்றக் காதுக்கு மாற்றினான். "ஓம், வந்தது."

"எப்பிடி இருந்தது?"

"அது... காட் முடியுது போல கிடக்கு," என்று வைத்துவிட்டான்.

அடுத்த நாள் பூசை முடிந்த கையோடு பழைய மொன்றியலுக்குப் போனான். அங்கே சுற்றுலாக்காரருக்காகக் குதிரை வண்டிகள் வரிசையாய் நிற்கும். குளிருக்குக் குதிரைகளின் முதுகில் போர்வை. வண்டிக்காரி கோப்பி வாங்கத் திரும்பிய நேரம் பார்த்து, ஒரு போர்வையின் நுனியை மெல்லத் தூக்கி மூக்கில் வைத்தான்.

"மிஸ்யு, என்ன செய்யிறீர்?" வண்டிக்காரி பின்னால் நின்றாள்.

"என்ர மனுசி கேட்டவ," என்றான் பிரெஞ்சில். அதைவிட நல்ல பதில் அந்த மொழியில் அவனிடம் இருக்கவில்லை.

வண்டிக்காரி அவனை மேலும் கீழும் பார்த்தாள். என்ன நினைத்தாளோ, போர்வையைக் கழற்றி முழுதாக அவன் கையில் கொடுத்து, ஆறுதலாக மோந்து பார்க்கச் சொன்னாள்.

அடுத்த சனிக்கிழமை அவன் சொன்ன விவரத்தை ஜென்சி இரண்டு தரம் சொல்லவைத்துக் கேட்டாள். "நீங்கள் பெரிய ஆள்தான்," என்றாள். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அவன் கிழமை முழுவதும் பெட்டி இறக்கினான்.

சிக்கல் வீட்டுக்குள் தொடங்கியது. அவள் விரும்பிக் குடிப்பதைத் தொட்டிக்குள் ஊற்ற மனம் வரவில்லை. குடிக்கவும் முடியவில்லை. ஆகவே பாதிப் போத்தல்கள் அவன் குடியிருந்த பேஸ்மென்டில் உடுப்புத் தோய்க்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் வரிசையாய் நின்றன. ஒருநாள் மேல்வீட்டுக்காரி திரேசம்மா உடுப்புக் கூடையோடு இறங்கி வந்தாள். அவள் வாடகைக்கு வீடு விட்டவள் மட்டுமில்லை, பங்குக் கோயிலுக்கு ஒரு தூண்.

"தம்பி, என்ன இது? மனுசி பக்கத்தில இல்லாத கவலையோ?"

"இது கறிக்குப் போடுற வினாகிரி அன்ரி," என்றான் அருமைராசா. "பெல்ஜியம் வினாகிரி."

திரேசம்மா விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள். முகம் ஒரு பக்கம் கோணி, மெல்ல நேராகிற்று.

"ஓம், வினாகிரிதான். பிழையா நினைச்சுப்போட்டன். ஒண்டை எடுக்கட்டே?"

கோயில் விருந்துக்கு அவள் சமைத்த பன்றிக்கறியில் அந்தப் பெல்ஜியம் வினாகிரி போயிற்று. சனம் சட்டியை வழித்தது. அடுத்த கிழமையிலிருந்து பங்குப் பெண்கள் எல்லாருக்கும் அது வேண்டியிருந்தது. பியர் என்று சொன்னால் இவன் குடிகாரன் மட்டுமில்லை, கோயில் முழுவதையும் குடிக்கப் பண்ணினவனும் ஆவான். வேறு வழியில்லாமல் பெட்டி பெட்டியாக வாங்கி மெட்ரோவில் சுமந்து வந்தான். பற்றிக் அவனைக் கட்டிப்பிடித்து, இவ்வளவு கெதியாக முன்னேறின ஆளைத் தான் கண்டதில்லை என்றான்.

இவன் வேலைக்குப் போயிருந்த ஒருநாள் வீட்டு ரெலிபோனுக்கு ஜென்சி எடுத்திருக்கிறாள். பேசியது திரேசம்மா.

சனிக்கிழமை ஜென்சியின் குரலில் ஏதோ தளும்பியது. "பெல்ஜியம் போத்தல் பெட்டி பெட்டியா வருதாம், உடனை முடிஞ்சும் போகுதாம். இவ்வளவு விருப்பமோ உங்களுக்கு?"

"கொஞ்சம் கூடத்தான்," என்றான்.

"அப்ப கேளுங்கோ. எங்கட அக்னெஸ் அக்கா அங்கை ஒரு கலியாணத்துக்கு வாறா. அந்தப் பியர்க்கடைக் குசினியில வேலை செய்யிறவ. முதலாளி தன்ர சொந்தப் பீப்பாவில இருந்து அடைச்ச போத்தல் ஒண்டு குடுத்து விடுறன். அவவுக்கு முன்னால குடிச்சுப் பாருங்கோ."

அக்னெஸ் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தாள். நெடிய உருவம், அமைதியான கண். பெட்டிக்குள்ளிருந்து துவாயால் சுற்றிய போத்தலைக் குழந்தையைப் போல எடுத்து, திரேசம்மாவின் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். அருமைராசா கிளாஸில் ஊற்றினான். நுரையே இல்லை. பற்றிக் சொன்ன தனி லாம்பிக். சிலுவை அடையாளம் போடாத குறையாக ஒரே மூச்சில் குடித்தான். கண்ணில் பொலபொலவென்று நீர் வந்தது.

"உருகிப்போனார்," என்றாள் அக்னெஸ்.

குசினி வாசலில் திரேசம்மா அகப்பையோடு திகைத்து நின்றாள். "தம்பி, உமக்கென்ன விசரோ? வினாகிரியை ஆராவது தனியக் குடிப்பினமோ? குடல் அவிஞ்சு போகும்." சொல்லிக்கொண்டே போத்தலைப் பறித்துக்கொண்டு உள்ளே போனாள். முதலாளியின் சொந்தப் பீப்பா, கொதிக்கிற கறிச்சட்டிக்குள் கவிழும் சத்தம் கேட்டது.

அக்னெஸ் அருமைராசாவைப் பார்த்தாள். அவனுக்கு இனி ஒளிக்க இடம் இருக்கவில்லை.

"அக்கா," என்றான், குரலைத் தாழ்த்தி. "எனக்கு இந்தச் சாமான் அறவே ஒத்துவராது. ஒரு கிளாஸ்கூட நான் ஒழுங்காக் குடிச்சதில்லை. ஜென்சியிட்டை மட்டும் சொல்லிப்போடாதேங்கோ. இது இல்லையெண்டால் எங்களுக்குக் கதைக்கிறதுக்கு ஒண்டும் இல்லை. திரும்ப 'குளிரோ, குளிர்தான்' எண்டு போயிடும். அவவின்ர சிரிப்பு இல்லாமல் எனக்கு இனி ஒரு சனிக்கிழமையும் ஏலாது."

அக்னெஸ் வெறும் கிளாஸை மெல்லத் தள்ளி வைத்தாள்.

"அவவும் ஒருநாளும் அதை வாயில வைச்சதில்லை தம்பி. 'அவருக்கு இது வலு விருப்பம், அவரோட கதைக்க எனக்கு ஏதாவது சொல்லித் தாங்கோ' எண்டு வெள்ளிக்கிழமையெல்லாம் எங்கட முதலாளியைப் பிடிச்சு இருத்திப் படிச்சுக்கொண்டெல்லே போறவ."