இடது கால் நிற்பதற்கு மட்டும்

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் மூத்த தங்கையின் கணவனும், நம் பேக்கரிக் கால்பந்து அணியில் பன்னிரண்டு வருடமாக முன்வரிசை ஆட்டக்காரனுமாகிய நான் எழுதிக்கொள்வது. இங்கு கீழ்வீட்டில் அனைவரும் நலம். மாடியில் நீங்கள் நலம் என்பதை, காலையில் செருப்பை இழுத்துக்கொண்டு நடக்கும் சத்தத்திலிருந்து அறிந்துகொண்டேன். பதினாறு படி ஏறி வந்து நேரிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் செவ்வாய்க்கிழமையிலிருந்து நான் உங்களோடு பேசுவதில்லை. நீங்கள் அதைக் கவனித்ததாகத் தெரியாததால் அதையும் எழுத்து மூலமாகவே தெரிவித்துக்கொள்கிறேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை டயர் கம்பெனியோடு நடக்கவிருக்கும் இறுதி ஆட்டத்துக்கு, பயிற்சியாளர் என்ற முறையில் நீங்கள் பலகையில் ஒட்டிய பட்டியலை மேலிருந்து கீழே படித்தேன், கீழிருந்து மேலே படித்தேன், கண்ணாடியைத் துடைத்துவிட்டும் படித்தேன். பதினொரு பேரில் நான் இல்லை. எனக்கு முப்பத்தொன்பது வயசு மச்சான். இன்னொரு இறுதி ஆட்டம் வரைக்கும் இந்த முட்டி தாங்குமான்னு முட்டிக்கே தெரியாது. அழுகை வந்துடுச்சு. பலகை முன்னாடி நின்னு அழ முடியுமா? மாவு ரூமுக்குள்ள போய் அழுதேன். வெளிய வந்தா மூஞ்சி பூரா வெள்ளை, நடுவுல ரெண்டு கோடு. அத்தனை பேரும் பாத்துட்டாங்க.

சரி, என் இடத்துல யாரைப் போட்டிருக்கீங்க? வேன் டிரைவரை! கீப்பர் சூட்டுத் தட்டைத் தொட்டுக் கையைச் சுட்டுக்கிட்டாரு, அந்த இடத்துக்கு யாரு? என் அருமைச் சகலை, உங்க சின்னத் தங்கச்சி வீட்டுக்காரன், எதோட போட்டாலும் சேந்துக்குவான்னு எல்லாரும் உருளைக்கிழங்குன்னு கூப்பிடுற ஆளு. அதையும் அவன் பாராட்டுன்னு நெனச்சுக்கிட்டுத் திரியுறான்.

என் வலது கால் பிறவியிலேயே வரம் வாங்கின கால்னு நீங்களே சொல்லியிருக்கீங்க. கல்யாணத்துக்கு முன்னாடிதான் சொன்னீங்க, இருந்தாலும் சொன்ன வார்த்தை சொன்னதுதானே? அந்தக் கால்ல பந்து சரியா வந்து விழுந்தா அப்புறம் நான் பாத்துக்குவேன். வந்து விழணும், அவ்வளவுதான். கால் இறுதியில ஒருத்தன் இடது காலுக்குக் குடுத்தான், நான் மரியாதையா ஒதுங்கி வழி விட்டேன். இடது கால் எனக்கு நிற்கறதுக்கு மட்டும்னு பன்னிரண்டு வருஷமா சொல்லிக்கிட்டு இருக்கேன், யாராவது காதுல வாங்கினாதானே! அரை இறுதியில மழை கொட்டுச்சு, மைதானமா அது, குளம். பந்து எனக்கு மூணடி முன்னாடி தண்ணியில உக்காந்துடுச்சு, நானும் அது வரும்னு காத்துக்கிட்டே நின்னேன், எங்கிருந்தோ ஓடி வந்த உருளை தண்ணியையும் பந்தையும் சேத்து ஒரு உதை விட்டான், தண்ணி கீப்பர் மூஞ்சியில, பந்து வலையில. அது கோலா மச்சான்? வெள்ள நிவாரணம்! அதுக்கு நீங்க அவனைத் தோள்ல தூக்கிக்கிட்டு ஆடுறீங்க. கால் இறுதிக்கும் முந்தின ஆட்டத்துல என் பூட்ஸ் பை ரொட்டி வேன்லயே போயிடுச்சு, அடுத்தவன் பூட்ஸ்ல என் கலை வராதுன்னு நான் பெஞ்சுல உக்காந்துட்டேன், அதே வேன்ல தன் பூட்ஸையும் விட்டுட்டு வந்த இவன் வலதுக்கு ஒருத்தனோடதையும் இடதுக்கு இன்னொருத்தனோடதையும் மாட்டிக்கிட்டு, நொண்டிக்கிட்டே பின்வரிசையில நின்னு ரெண்டு கோலைத் தடுத்தான். வெக்கமே கிடையாது!

வேலையிலயும் இதே கதைதான். கேக் மேல நான் வைக்கிற கிரீம் ரோஜாவுக்கு வண்டு வரும்னு முதலாளியே சொல்லுவார். அன்னிக்குக் கல்யாண கேக் ஒண்ணு பண்றப்போ கிரீம் தீந்துபோச்சு. கலைஞன் என்ன பண்ணுவான்? கையைக் கட்டிக்கிட்டு உக்காந்தேன். அந்த உருளை இருக்கானே, மாவு பிசைய ஆள் வரலைன்னா பிசைவான், அடுப்படியில ஆள் இல்லைன்னா அங்க நிப்பான், அவன் வந்து ஜாமால பொண்ணு மாப்பிள்ளை பேரைக் கோணல்மாணலா எழுதி அனுப்பிட்டான். சண்டைக்கு வருவாங்கன்னு நானும் ஆசையா வாசலைப் பாத்துக்கிட்டே இருந்தேன். நல்லா இருந்துச்சுன்னு சொல்லி இன்னும் ரெண்டு கேக் கேட்டாங்க.

“எங்க போட்டாலும் ஆடுற ஆளுதான் எனக்கு வேணும்”னு கூட்டத்துல பேசினீங்களே, அப்படின்னா பதினொரு நாற்காலியை இறக்குங்களேன் மச்சான்! எங்க போட்டாலும் கெடக்கும், ரெஃபரியையும் எதிர்த்துப் பேசாது. திறமைன்னா இடத்துக்குத் தக்கபடி வளையாது. வளைஞ்சா அதுக்குப் பேரு திறமை இல்லை, ஒயர். என்னைப் பழையபடி முன்வரிசையில, வலது பக்கம், காய்ஞ்ச புல்லுல போட்டால் ஆடுவேன். இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை மைதானம் இருக்கும் திசையில்கூடத் தலைவைத்துப் படுக்க மாட்டேன். இது முடிந்த முடிவு.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசிகள், நன்றாகப் படிக்கச் சொல்லவும். உருளையை விசாரித்ததாகச் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
எதற்காகவும் யாருக்காகவும் மாறவே மாறாத,
கீழ்வீட்டு மச்சான்

பி.கு.: ரெண்டு நாளா கீழ தொம்மு தொம்முனு சத்தம் கேக்குதுன்னு அக்கா ஆள் விட்டிருந்தாங்க. ஒண்ணுமில்லை. ஹால்ல பழைய பன்னு வீசுறாங்க, நான் பிடிக்கிறேன். வீசுறது யாருன்னு கேக்காதீங்க. சரி, உருளைதான். பட்டியல் ஒட்டின அன்னிக்கே அடுப்புக் கையுறையும் ஒரு பை பன்னுமா வந்து வாசல்ல நின்னான். “அண்ணே, நான் எங்க வேணா நின்னுக்குவேன். முன்வரிசையில இருந்து வேன் அண்ணனை எடுக்க மாட்டேன்னுட்டாரு மச்சான். கோல் இடம் உங்களுக்கு ஆகுமா?”ன்னு கேட்டான். என் மூஞ்சியில இருந்த அந்த ரெண்டு கோடுகளை அவனும் பாத்திருக்கான் போல. திட்டிக்கிட்டேதான் கையுறையை மாட்டினேன். நேத்து பத்துக்கு மூணு பிடிச்சேன், இன்னிக்கு ஏழு. ஒரு டியூப்லைட் போச்சு, அது கணக்குல இல்லை. ஞாயித்துக்கிழமை அவனைப் பின்வரிசைக்கு அனுப்பிட்டு என்னைக் கோல்ல போடுங்க மச்சான், மழை பெஞ்சாலும் பரவாயில்லை. எட்டாவது பன்னை இடது காலால தடுத்தேன். நம்பலைன்னா இறங்கி வந்து பாருங்க, கதவு தொறந்துதான் இருக்கு.