நிலவறைப் பிணத்திடம் சொன்ன கதை

வெளிநாட்டில் தமிழில் பேசினால் ஒருவருக்கும் விளங்காது என்று நம்புபவர்களைக் கண்டால் எனக்குப் பாவமாக இருக்கும். எழுபதுகளில் மெல்பேர்னில் அந்த விசர் நம்பிக்கையோடு திரிந்தவள்தான் நான். பஸ்ஸில் எதிரே இருப்பவரின் மூக்கைப் பற்றி அவர் முகத்துக்கு நேரேயே விமர்சனம் செய்வேன். (அவரும் சிரித்துத் தலையாட்டுவார்.)

கலியாணத்துக்கு முன்பு எழுதிய கடிதங்களில், ஐரோப்பாவின் பழைய நகரம் ஒன்றைக் காட்டுவதாக என் கணவர் வாக்குக் கொடுத்திருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து நான் வந்து நாலு மாதத்தில் வாக்கை நிறைவேற்றினார். அதாவது, மெல்பேர்னுக்கு வெளியே வெறும் புல்வெளியில் யாரோ ஒரு பணக்காரர் கட்டியிருந்த போலி நடுக்கால நகரத்துக்குக் காரில் கூட்டிப்போனார். மதில், அகழி, தூக்குமேடை எல்லாம் இருந்தன. எங்கள் கார் அந்த நகரத்தை விட வயதில் மூத்தது.

“அதுவும் இதுவும் ஒண்டுதான். இதுக்கு விசாவும் தேவையில்லை,” என்றார்.

நான் சிரிக்கவில்லை. ஊருக்கே திரும்பிப் போய்விடுவது என்று அந்தக் கிழமைதான் முடிவெடுத்திருந்தேன். அதை அவரிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை.

குளிர்காலம். மூடுபனியில் மதில் பாதிக்கு மேல் தெரியவில்லை. சனமே இல்லை. கல் ஒழுங்கைகளில் எங்கள் காலடிச் சத்தம் கொஞ்சம் பிந்தி எங்களுக்குப் பின்னால் வந்தது. மேலே எங்கோ மணி அடித்தது. அடிக்கிற ஆளைக் காணோம். ஒரு சன்னலில் மெழுகுக் கிழவி ஒருத்தி தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தாண்டிப் போய்த் திரும்பிப் பார்த்தேன். எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். (சத்தியமாக.)

கணவர் தேத்தண்ணி வாங்கப் போனார். குளிருக்கு ஒதுங்க நான் நிலவறைக்குள் இறங்கினேன். சங்கிலிகளில் மெழுகுக் கைதிகள் தொங்கினார்கள். மூலையில், மங்கிய பச்சை வெளிச்சத்தில், கொள்ளைநோயில் செத்தவன் ஒருவன் வைக்கோலில் கிடந்தான். முகமெல்லாம் துணிக்கட்டு. எங்கோ தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நாலு மாதமாக மனதைத் திறக்க ஆளில்லாமல் இருந்த எனக்கு, குறுக்கே பேசாத ஒருவன் கிடைத்தான். பக்கத்துக் கல்லில் இருந்துகொண்டு ஆரம்பித்தேன்.

“நீ செத்துப்போய்க் கிடக்கிறாய். நான் உயிரோடை கிடக்கிறன். அவர் நல்ல மனிசன்தான். ஆனா காலமை போனா இருட்டினாப் பிறகுதான் வாறார். பகல் முழுக்கச் சுவரோடை கதைக்கிறன். அப்பாவுக்குக் கடும் வருத்தம் எண்டு தந்தி அடிக்கச் சொல்லி அண்ணாவிட்டைக் கேக்கப்போறன். போனா திரும்பி வரமாட்டன்.”

பிணம் பெருமூச்சு விட்டது.

ஏதோ மெஷின் என்று நினைத்தேன். தண்ணீர் சொட்டுவது நின்றுபோன மாதிரி இருந்தது. பிறகு துணிக்கட்டுக்குள்ளிருந்து, சுத்தமான யாழ்ப்பாணத் தமிழில், மெல்லிய குரல் வந்தது.

“அக்கா, சுகமா இருக்கிற மனிசனுக்கு வருத்தம் எண்டு சொல்லாதேங்கோ. பலிச்சிடும்.”

எப்படி எழும்பினேன், எப்படி ஓடினேன் என்று இன்றைக்கும் தெரியாது. ஒரு கைதியின் மெழுகுக் கை என் சேலையில் கொளுவிக்கொண்டு கூடவே வந்தது. பின்னால் பிணம் ஓடி வந்தது. “அக்கா, கையைத் தந்திட்டுப் போங்கோ! என்ரை வேலை போயிடும்!”

படியில், இரண்டு தேத்தண்ணியோடு நின்ற கணவர்மேல் போய் விழுந்தேன். மூன்று பேரும் நனைந்தோம்.

பிணத்தின் பெயர் யோகன். கொக்குவில் பொடியன். பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டு, சனிக்கிழமைகளில் அங்கே செத்துக் கிடந்தான். கணவர் கையைத் திருப்பி மாட்டிக் கொடுத்துவிட்டு, அவனைச் சாப்பாட்டுக்குக் கூட்டிவந்தார். வழி முழுக்கப் பின் ஆசனத்தில் பிணம். அது வாயைத் திறந்த போதெல்லாம், தந்திக் கதை வந்துவிடுமோ என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். ஆனால் அவன் பல்கலைக்கழகச் சோதனையைப் பற்றி மட்டுமே கதைத்தான்.

அடுத்த சனிக்கிழமை என் கணவர் இன்னும் இரண்டு மாணவர்களை ஏற்றி வந்தார். அதற்கடுத்த கிழமை ஒரு குடும்பம். வீட்டில் கதிரை போதவில்லை. சமையல் வேலையில் தந்தியைத் தள்ளிப் போட்டேன், இன்னும் தள்ளிக்கொண்டிருக்கிறேன்.

என் பிள்ளைகளுக்கு யோகன் ‘பிணம் அங்கிள்’. எங்கள் வீட்டில் யாராவது முணுமுணுத்தால், “பிணத்திட்டைப் போய்ச் சொல்லுங்கோ” என்பார்கள். போன வருடம் யோகனின் எழுபதாவது பிறந்தநாளில் எல்லாரும் கேட்க இந்தக் கதையை மறுபடியும் சொன்னேன், தந்தியை மட்டும் வழக்கம்போல் விட்டுவிட்டு.

எல்லாரும் போன பிறகு, கணவர் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டே கேட்டார். “தந்திக் கதையை ஏன் ஒவ்வொரு முறையும் விடுறீர்?”

துடைத்துக்கொண்டிருந்த கோப்பையை நான் கீழே வைத்தேன். “யோகன் சொன்னவனோ?”

“இல்லை. நான் படியிலை நிண்டு கேட்டனான்.”

“அப்ப ஏன், போகப்போறீரோ எண்டு என்னட்டை ஒரு வார்த்தை கேக்கேல்லை?”

“கேட்டா, ஓம் எண்டு சொல்லிப்போடுவீர் எண்டு பயம்,” என்றார்.