நாற்பத்தொன்றாம் வரியில் இருப்பது குழந்தை

அன்புள்ள அக்காவுக்கு,

ஊரே அடங்கிய நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துவிடு. ஒன்பது முறை அழைத்தும் நீ போனை எடுக்கவில்லை. நீயும் அத்தானும் நலம்தானே? இங்கே நான், பாப்பா, நாற்பது ஆடுகள் எல்லோரும் நலம். அதை நிரூபிப்பதுதான் பெரும்பாடாக இருக்கிறது.

நாளை சாயங்காலம் நம் ஆடுகள் கப்பலேறுகின்றன அக்கா! நம் குடும்பத்திலிருந்து முதன்முதலாக வெளிநாடு போவது அவைதான். இவர் துறைமுகத்தில் இருப்பதால் கொட்டகைப் பொறுப்பு என் தலையில். இருபத்தொரு நாள் தனிக் கொட்டகை, வேறு பிராணி எதுவும் எட்டிப் பார்க்கக் கூடாது, நுழையும்போதெல்லாம் மருந்துத் தண்ணீரில் கால் நனைக்க வேண்டும், காது வில்லையில் எண் பார்த்துத் தினமும் ஒவ்வொன்றின் உடல் சூட்டையும் நோட்டில் எழுத வேண்டும், ஒன்றுக்கு நோய் என்றாலும் மொத்தத்துக்கும் மறுபடி இருபத்தொரு நாள். கல்லூரிப் பரீட்சைக்குக்கூட நான் இவ்வளவு எழுதியதில்லை. போன வாரம் பாப்பாவுக்குச் சளி பிடித்ததா, கையில் நோட்டு இருந்ததா, பழக்கதோஷத்தில் நாற்பது ஆட்டுக்கும் கீழே அவளுக்கும் ஒரு வரி போட்டுவிட்டேன்: ‘41. காய்ச்சல், மூக்கொழுகல், தீனி எடுக்கவில்லை, விடாமல் கத்தல்.’

இன்று சான்றிதழில் கையெழுத்துப் போட வந்த கால்நடை டாக்டர் அந்த வரியில் விரலை வைத்தார்.

“நாப்பத்தொண்ணு எங்கம்மா? எங்க ஒளிச்சு வெச்சிருக்கீங்க?”

ஓடிப் போய்ப் பாப்பாவைத் தூக்கிவந்து காட்டினேன். அவள் அவர் சட்டையிலேயே தும்மினாள். மனிதர் சிரித்தார்தான், ஆனால் பேனாவை மூடிவிட்டார். நோட்டின் நகல் வாங்குகிற நாட்டுக்குப் போகுமாம், அடித்துத் திருத்தினால் செல்லாதாம்.

“எனக்குத் தெரியுதும்மா. அங்க படிக்கிறவனுக்குத் தெரியணுமே. இது மனுஷக் குழந்தைதான்னு ஒரு குழந்தை டாக்டர் எழுதி, சீல் போட்டுத் தரட்டும்.”

நாளை மதியம் மறுபடி வருகிறார்.

குழந்தை டாக்டராக நீ இருக்கும்போது நான் வேறு யாரிடம் போவேன்? விடிவதற்குள் உங்கள் ஊருக்குக் கிளம்பும் தீவன வண்டிக்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அந்த வரியில் இருப்பவள் என் மகள், அவளுக்கு வந்தது வெறும் சளி, அவள் ஏற்றுமதிக்கு இல்லை, இந்த மூன்றையும் தெளிவாக எழுதி அவர் கையிலேயே கொடு. அத்தானுக்கு என் வணக்கம். பாப்பா உனக்கு முத்தம் தந்தாள், சளி போகட்டும் என்று நான்தான் நிறுத்தி வைத்திருக்கிறேன்.

உன் அன்புத் தங்கை

பி.கு.: அக்கா, அவசரத்தில் கைக்கு அகப்பட்ட தாளைக் கிழித்து எழுதிவிட்டேன். இப்போதுதான் திருப்பிப் பார்க்கிறேன், பின்பக்கம் பதினெட்டாம் நாள், ஒன்று முதல் நாற்பது வரை அத்தனை ஆட்டின் சூடும் இருக்கிறது. வேறு தாளில் எழுத நேரமில்லை, வண்டிக்காரர் வாசலில் ஹாரன் அடிக்கிறார். இதை நான் நோட்டில் திரும்ப ஒட்டியாக வேண்டும், டாக்டரும் படிப்பார், கடல் தாண்டியும் படிப்பார்கள். ஆகவே உன் கடிதத்தோடு இதையும் கசங்காமல் திருப்பி அனுப்பு. சீக்கிரம் பதில் போடு.